டெல்லியில் இரண்டு நாள், ஆக்ராவில் ஒரு நாள்: கிழமையிலிருந்து தொடங்குங்கள்

டெல்லிக்கு மூன்று நாள் பயணம் என்று முடிவானதும் பலரும் முதலில் பார்ப்பது விமான டிக்கெட் விலையை. அதற்கு முன்பே பார்க்க வேண்டியது கிழமை. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டெல்லியில் செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் ஆகியவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சாந்தினி சௌக்கில் பெரும்பாலான கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. இவற்றைப் பார்க்காமல் டிக்கெட் போட்டுவிட்டு, பூட்டிய செங்கோட்டையின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பும் குடும்பங்கள் ஒவ்வொரு திங்களும் உண்டு.

மூன்று விடுமுறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வரிசை தானாகவே கிடைக்கும். சனிக்கிழமை பழைய டெல்லி, ஞாயிற்றுக்கிழமை தெற்கு டெல்லி, திங்கட்கிழமை ஆக்ரா. சனியன்று கடைத்தெருவும் செங்கோட்டையும் திறந்திருக்கும். ஞாயிறன்று அலுவலகப் போக்குவரத்து இல்லாததால் தெற்கே தூரம் தூரமாக இருக்கும் இடங்களைச் சீக்கிரம் சுற்றலாம். டெல்லியின் பாதி மூடிக்கிடக்கும் திங்களன்று நீங்கள் ஆக்ராவில் இருப்பீர்கள். சனி, ஞாயிறு கூட்டம் வடிந்திருப்பதால் தாஜும் கொஞ்சம் மூச்சுவிடும். வார இறுதி வேண்டாம் என்பவர்களுக்குச் செவ்வாய், புதன், வியாழன் நல்ல தேர்வு. எந்த நாளும் மூடலில் மாட்டாது.

கிழமைக்கு அடுத்தது மாதம். அக்டோபர் முதல் மார்ச் வரை போகலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த ஆறு மாதமும் ஒன்றுபோல் இருக்காது. தீபாவளியை ஒட்டி நவம்பர் முழுக்கப் புகைமூட்டம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கஷ்டம். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அடர்ந்த மூடுபனி. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், காலை விமானங்கள் ரத்தாகும், தாஜுக்கு எதிரே நின்றாலும் தாஜ் தெரியாது. ஜனவரி 26க்கு முந்தைய பத்து நாட்கள் அணிவகுப்பு ஒத்திகையால் இந்தியா கேட் சுற்றுவட்டாரத்தில் சாலைகளை அடைத்துவிடுவார்கள். ஆகஸ்ட் 15க்கு முன்பும் செங்கோட்டை பல நாட்கள் பார்வையாளர்களுக்கு மூடப்படும். பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் நடுப்பகுதி வரைதான் எங்கள் முதல் தேர்வு. மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். விடுமுறை அப்போதுதான் கிடைக்கிறது என்றால் காலை 6 முதல் 11 வரையும் மாலை 4க்குப் பிறகும் மட்டும் வெளியே இருக்கும்படி திட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆக்ரா ரயில், பிறகுதான் மற்றவை

மூன்று நாளில் அசைக்க முடியாத ஒரே நாள் ஆக்ரா நாள். டெல்லிக்குள் ஒரு இடம் தவறினால் மாலையில் பார்த்துக்கொள்ளலாம். ஆக்ரா ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் திட்டமே சரியும். அதனால் முன்பதிவு திறக்கும் நாளிலேயே, அதாவது பயணத் தேதிக்கு 60 நாட்களுக்கு முன், போக வர இரண்டு டிக்கெட்டையும் போட்டுவிடுங்கள். தவறவிட்டவர்களுக்குத் தட்கல் உண்டு. முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி வகுப்புகளுக்கும், 11 மணிக்கு ஏசி இல்லாத வகுப்புகளுக்கும் திறக்கும்.

ஒரே நாளில் போய்வர ஏற்ற ரயில்கள் இரண்டு. கதிமான் எக்ஸ்பிரஸ் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை 8.10க்குப் புறப்பட்டு 9.50க்கு ஆக்ரா கண்டோன்மென்ட் சேரும், மாலை 5.50க்கு அங்கிருந்து கிளம்பி 7.30க்குத் திரும்பிவிடும். வெள்ளிக்கிழமை ஓடாது. போபால் போகும் சதாப்தி புது டெல்லி நிலையத்திலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்கு முன்பே ஆக்ராவில் இறக்கிவிடும். திரும்பும் சதாப்தி ஆக்ராவுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வரும், டெல்லி சேர நள்ளிரவாகும். காலையில் சதாப்தி, மாலையில் கதிமான் என்று கலந்து போட்டால் ஆக்ராவில் பத்து மணி நேரம் கிடைக்கும். சிறு பிள்ளைகளும் முதியவர்களும் இருந்தால் இரண்டு பக்கமும் கதிமான் போதும். நேர அட்டவணை அவ்வப்போது சில நிமிடங்கள் மாறும், டிக்கெட்டில் உள்ள நேரத்தையே நம்புங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு நிலையத்தைக் குழப்பிக்கொள்வது. கதிமான் புது டெல்லி நிலையத்துக்கு வராது. நிஜாமுதீன் அங்கிருந்து தெற்கே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் "ஸ்டேஷன்" என்று மட்டும் சொன்னால் அவர் புது டெல்லியில்தான் கொண்டுபோய் விடுவார். புது டெல்லி நிலையத்துக்கும் இரண்டு முகம் உண்டு: பஹாட்கஞ்ச் பக்கம், அஜ்மேரி கேட் பக்கம். மெட்ரோ வந்து சேர்வது அஜ்மேரி கேட் பக்கம். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நடைமேம்பாலத்தில் பெட்டியோடு கடக்க கால் மணி நேரம் வேண்டும். இந்த நிலையத்தின் வெளியே, "உங்கள் ரயில் ரத்தாகிவிட்டது, அதோ அந்த அலுவலகத்தில் மாற்றித் தருவார்கள்" என்று யாராவது சொன்னால் நிற்காமல் நடந்துவிடுங்கள். ரயில் ரத்தானால் உங்கள் கைப்பேசிக்கே செய்தி வரும். தெருவில் நிற்பவர் சொல்ல வேண்டியதில்லை.

காரில் போவதென்றால் யமுனை விரைவுச்சாலை இருக்கிறது. 2012இல் திறந்த இந்த 165 கிலோமீட்டர் சாலை கிரேட்டர் நொய்டாவில் தொடங்குகிறது. டெல்லி நகருக்குள்ளிருந்து கணக்கிட்டால் ஒரு வழிக்கு மூன்றரை முதல் நான்கு மணி நேரம். நான்கைந்து பேருக்கு மேல் இருந்தால், அல்லது அக்பரின் பழைய தலைநகரான ஃபதேபூர் சிக்ரியையும் சேர்த்துப் பார்க்க ஆசையிருந்தால் மட்டும் கார் சரி. மூடுபனி மாதங்களில் இந்தச் சாலையில் விடியற்காலைப் பயணம் வேண்டவே வேண்டாம். தொடர் விபத்துகள் நடக்கும் சாலை அது.

ஆக்ரா, மதுரா, பிருந்தாவனம் மூன்றையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும் பேருந்துச் சுற்றுலாக்கள் விலை குறைவு என்பதால் கவர்ச்சியாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பேருந்தில் எட்டு ஒன்பது மணி நேரம், வழியில் உணவகமும் பளிங்குக் கடையும் இரண்டு மணி நேரம், மிச்சத்தில் தாஜுக்கு ஒரு மணி நேரம். மதுராவிலும் பிருந்தாவனத்திலும் கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். கிருஷ்ணன் தரிசனம் முக்கியம் என்றால் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவதுதான் முறை. ஜெய்ப்பூரையும் ஒரே நாளில் போய்வரும் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒரு வழிக்கே நாலரை ஐந்து மணி நேரம் போய்விடும்.

எங்கே தங்குவது

அறையின் அழகைவிட மெட்ரோ நிலையம் எத்தனை நிமிட நடை என்பது முக்கியம். பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் வேறு பாருங்கள். இந்தத் திட்டத்துக்கு மஞ்சள் தடமும் ஊதா தடமும்தான் முதுகெலும்பு. மஞ்சள் தடத்தில் சாந்தினி சௌக், புது டெல்லி, ராஜீவ் சௌக், சென்ட்ரல் செக்ரடேரியட், ஜோர் பாக், குதுப் மினார் வரிசையாக வரும். ஊதா தடத்தில் செங்கோட்டைக்கான லால் கிலாவும் ஜாமா மஸ்ஜித் நிலையமும் இருக்கின்றன. கரோல் பாக் நம்மவர்கள் பலர் தங்கும் பகுதி. நீலத் தடத்தில் ஏறி ராஜீவ் சௌக்கில் மஞ்சளுக்கு மாறிக்கொள்ளலாம்.

விமானத்தில் வருகிறவர்கள் டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். டி3இலிருந்து விமான நிலைய மெட்ரோ இருபது நிமிடத்தில் புது டெல்லி நிலையத்தில் விடும். டி1க்கு மெஜந்தா தடத்தில் தனி நிலையம். திரும்பும்போது டெர்மினலைத் தவறாக எண்ணி இறங்கினால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக அரை மணி நேரம் ஓடிவிடும்.

மெட்ரோவில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்மார்ட் கார்டு, அல்லது கைப்பேசியில் க்யூஆர் டிக்கெட். ஒரே கார்டைக் குடும்பம் முழுக்கப் பயன்படுத்த முடியாது, உள்ளே நுழைந்த கார்டுதான் வெளியேறவும் வேண்டும். ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. நுழைவாயிலில் எல்லாப் பையும் ஸ்கேன் ஆகும். காலை 9, மாலை 6 மணிவாக்கில் ராஜீவ் சௌக்கில் அந்த வரிசையே பத்து நிமிடம் பிடிக்கும்.

ஒரு நாளுக்கு எத்தனை இடம்

பட்டியல் போடும்போது எல்லோரும் உள்ளே சுற்றும் நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். ஒரு பெரிய நினைவுச்சின்னத்துக்கு உள்ளே ஒன்றரை மணி நேரம் என்றால், போய்ச் சேர முக்கால் மணி, டிக்கெட்டும் சோதனையும் இருபது நிமிடம், கழிப்பறை, தண்ணீர், ஆட்டோ பேரம் இன்னும் பதினைந்து நிமிடம். மொத்தம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். காலை 8 முதல் மாலை 7 வரை பதினோரு மணி நேரத்தில் சாப்பாட்டைக் கழித்தால் மூன்று பெரிய இடம், ஒரு சிறிய இடம். அதற்கு மேல் எழுதிய எதுவும் நடக்காது. நடந்தாலும் நான்காவது இடத்தில் யாரும் தலைதூக்கிப் பார்க்கமாட்டார்கள்.

தொல்லியல் துறையின் டிக்கெட்டுகளை முந்தைய இரவே இணையத்தில் எடுத்துவிடுங்கள். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை போன்ற இடங்களில் இந்தியர்களுக்கு இணையத்தில் 35 ரூபாய். காசு மிச்சம் சிறிதுதான், வரிசை மிச்சம் பெரிது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. வயதைக் காட்ட ஆதார் நகல் கையில் இருக்கட்டும். இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு சார்க் நாட்டவருக்கான சலுகைக் கட்டணம் உண்டு, கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பவர்கள் இந்தியக் கட்டணத்திலேயே நுழையலாம், அட்டையை அறையில் விட்டுவிட்டு வந்தால் வெளிநாட்டவர் கட்டணம்தான்.

முதல் நாள்: பழைய டெல்லி

காலை 8 மணிக்கு ஜும்மா மசூதி. ஜாமா மஸ்ஜித் மெட்ரோவில் இறங்கினால் மசூதி பக்கத்திலேயே. ஷாஜகான் கட்டி 1656இல் முடித்தது. அந்த நேரத்தில் முற்றத்துச் செங்கல் நிறக் கல் இன்னும் சூடேறியிருக்காது, கூட்டமும் குறைவு. நண்பகல் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், அதனால் இதை மதியத்துக்குத் தள்ளாதீர்கள். முழங்காலும் தோளும் மூடிய உடை வேண்டும். செருப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும், ஒரு துணிப்பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

செங்கோட்டை 9.30க்குத் திறக்கும். மசூதியிலிருந்து நடந்தே போய்விடலாம். 1639இல் தொடங்கி 1648இல் முடிந்த அரண்மனை இது. உள்ளே போனதும் பலர் ஏமாற்றமடைவதற்குக் காரணம் உண்டு. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைமுகாம் கட்டினார்கள். இன்று நீங்கள் பார்ப்பது தோட்டத்தில் தனித்தனியாக நிற்கும் மிச்சம். மயிலாசனம் இருந்த, அரசர் முக்கியமானவர்களைச் சந்தித்த மண்டபமான திவான்-இ-காஸில் தூண்களின் அடிப்பகுதிப் பூவேலையைக் குனிந்து பாருங்கள். அந்த ஆசனம் 1739இல் படையெடுத்து வந்த பாரசீக மன்னர் நாதிர்ஷாவோடு போய்விட்டது. இந்திய தேசிய ராணுவத்தினர் மீதான 1945-46 விசாரணை நடந்ததும் இந்தக் கோட்டையில்தான். நேதாஜி பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். மொத்தம் இரண்டு மணி நேரம் போதும்.

வெளியே வந்ததும் எதிரே சாந்தினி சௌக். செங்கோட்டையிலிருந்து ஃபதேபூரி மசூதி வரையிலான நேர்த்தெருவில் பகலில் மோட்டார் வண்டி கிடையாது. நடக்கலாம், அல்லது மிதிவண்டி ரிக்‌ஷா. ரிக்‌ஷா ஏறும் முன் தொகையையும் தலைக்கா, வண்டிக்கா என்பதையும் பேசிவிடுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான். சீஸ்கஞ்ச் குருத்வாராவில் தலையை மூடத் துணி தருவார்கள். தெருவின் கடைசியில் காரி பாவ்லி மசாலாச் சந்தை. காய்ந்த மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நடக்கும்போது இருமல் வருவது நிச்சயம், குழந்தைகளுக்குக் கைக்குட்டை கொடுத்துவிடுங்கள்.

மதியம் 2 மணிக்குள் சாந்தினி சௌக் மெட்ரோவில் ஏறி சென்ட்ரல் செக்ரடேரியட். அங்கிருந்து தேசிய அருங்காட்சியகம். முழுவதும் பார்க்க ஒரு நாள் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் சிந்துவெளிக் கூடத்தையும் வெண்கலக் கூடத்தையும் மட்டும் பாருங்கள். மொகஞ்சதாரோவின் நடன மங்கை பாடப்புத்தகப் படத்தில் பெரிதாகத் தெரிவாள். நேரில் பத்தரை சென்டிமீட்டர்தான். கண்ணாடிப் பேழையில் அவளைத் தேடாமல் கடந்துபோகிறவர்கள் அதிகம். சோழர் கால நடராசரும் அங்கே இருக்கிறார். மாலையில் கர்த்தவ்ய பாதையில் நடந்து இந்தியா கேட், அதன் பின்னால் தேசியப் போர் நினைவகம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. விளக்குகள் எரியும் ஏழு மணிக்கு அங்கே இருந்தால் போதும்.

இரண்டாம் நாள்: தெற்கு டெல்லி

ஹுமாயூன் கல்லறை சூரியோதயத்தில் திறக்கிறது. 7.30க்கு அங்கே இருங்கள். ஆக்ரா போகும் முன் இதைப் பார்ப்பதில் ஒரு பயன் இருக்கிறது. 1570 வாக்கில் முடிந்த இந்தக் கட்டடம் தாஜுக்கு எண்பது ஆண்டு மூத்தது. நான்கு பகுதியாகப் பிரித்த தோட்டம், உயர்ந்த மேடை, நடுவில் இரட்டை ஓட்டுக் குவிமாடம், எல்லாம் இங்கே சிவப்புக் கல்லில் ஒத்திகை பார்க்கப்பட்டிருக்கிறது. மறுநாள் தாஜைப் பார்க்கும்போது எது புதிது, எது பழையது என்று உங்களுக்கே தெரியும். நுழைந்ததும் வலப்பக்கம் இருக்கும் ஈசா கானின் எண்கோணக் கல்லறை இன்னும் பழையது, 1547ஐ ஒட்டியது. நேராகப் பெரிய கட்டடத்துக்கு ஓடுகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

அங்கிருந்து லோதி தோட்டம் சிறிய ஆட்டோ பயணம். கட்டணமில்லை, ஒரு மணி நேரம் மர நிழலில் உட்கார்ந்து கொண்டுவந்த காலைச் சாப்பாட்டை முடிக்கலாம். ஜோர் பாக் நிலையத்தில் மஞ்சள் தடம் ஏறினால் குதுப் மினார் நிலையம். பெயரைப் பார்த்து நிலைய வாசலிலேயே மினார் இருக்கும் என்று எண்ணாதீர்கள், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. வெயிலில் நடக்காமல் ஆட்டோ பிடியுங்கள்.

குதுப் வளாகத்தில் மனம்போல நேரம் செலவிடலாம், இரண்டாம் நாளின் நடுநாயகம் இதுதான். 72.5 மீட்டர் உயரம். மேலே ஏற முடியாது. 1981இல் உள்ளே நெரிசலில் 45 பேர் இறந்ததிலிருந்து மூடியிருக்கிறார்கள். கீழே நின்று அடுக்குகளை ஒப்பிடுங்கள்: முதல் அடுக்கின் வரிகள் ஒன்று கூர்மை, ஒன்று உருளை என மாறி மாறி வரும், இரண்டாவது முழுக்க உருளை, மூன்றாவது முழுக்கக் கூர்மை, மேலே இருக்கும் இரண்டில் பளிங்கு கலந்திருக்கும், மின்னல் தாக்கிச் சேதமானதை ஃபிரோஸ் ஷா துக்ளக் திருத்திய பகுதி அது. பக்கத்து மசூதியின் தூண்கள் 27 கோயில்களின் கல்லைக் கொண்டு எழுப்பியவை என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம், கீர்த்திமுகம் எல்லாம் அந்தத் தூண்களில் நம் கண்ணுக்கு உடனே அகப்படும். முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தது, ஏழு மீட்டருக்கு மேல் நீளம், ஆறு டன்னுக்கு மேல் எடை. பாஸ்பரஸ் அதிகமான இரும்பு என்பதால் மேலே மெல்லிய காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது.

மதியத்துக்குப் பிறகு ஒன்றே ஒன்று போதும். தாமரைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வரிசை நீளும். அக்‌ஷர்தாமுக்கு நான்கு மணி நேரம் வேண்டும், கைப்பேசி உள்ளே அனுமதியில்லை, ஒப்படைத்துத் திரும்ப வாங்கவே நேரம் ஆகும். முதியவர்கள் கேட்டால் அக்‌ஷர்தாம் போங்கள், அதற்காகக் குதுப்பைக் குறைக்காதீர்கள். இல்லையென்றால் ஜன்பத்தில் கொஞ்சம் கடை சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்புங்கள். மறுநாள் சீக்கிரம் எழ வேண்டும்.

மூன்றாம் நாள்: ஆக்ரா

தாஜ் டிக்கெட் இரண்டு பகுதி. வளாகத்துக்குள் நுழைய இந்தியர்களுக்கு 50 ரூபாய், மேடையேறிக் கல்லறைக் கட்டடத்துக்குள் போக மேலும் 200. வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய், சார்க் நாட்டவருக்கு 540. இவர்களுக்கும் மேடைக்கு 200 தனி. இருநூறை மிச்சம் பிடிக்கிறேன் என்று கீழேயே நின்றுவிடாதீர்கள். பளிங்கில் பதித்த கல்பூக்கள் மேடை மீதிருந்தால்தான் தெரியும். டிக்கெட் நுழைந்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் செல்லும்.

எதை முதலில் பார்ப்பது என்பது எந்த ரயிலில் வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சதாப்தியில் எட்டு மணிக்கு முன் இறங்கினால் நேராகத் தாஜ், பிறகு ஆக்ரா கோட்டை. கதிமானில் பத்து மணிக்கு வந்தால் தலைகீழாக்குங்கள். பத்து முதல் ஒரு மணி வரை தாஜில் நெரிசல் உச்சத்தில் இருக்கும், வெள்ளைப் பளிங்கு கண்ணைக் கூசும். முதலில் கோட்டை போய்விட்டு, சாப்பிட்டு, இரண்டு மணிக்குத் தாஜில் நுழைந்தால் வெயில் சாயும், கல்லின் நிறம் மஞ்சளாக மாறுவதைப் பார்த்துவிட்டு நாலரைக்கு வெளியே வரலாம். அங்கிருந்து கண்டோன்மென்ட் நிலையம் அரை மணி நேரம். 5.50 ரயிலுக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். டிசம்பரிலும் ஜனவரியிலும் மட்டும் ஒரு எச்சரிக்கை: தாஜ் சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே மூடிவிடும், டிக்கெட் கவுன்ட்டர் அதற்கும் முன். ஐந்து மணி என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையை முதலில் பார்ப்பதில் இன்னொரு அழகும் உண்டு. அக்பர் 1565இல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. 1658இல் ஔரங்கசீப் தன் தந்தையை இங்கேதான் காவலில் வைத்தார். 1666இல் ஷாஜகான் இறக்கும் வரை அந்தக் காவல் நீடித்தது. முசம்மன் புர்ஜ் என்ற எண்கோண மாடத்தின் பக்கம் நின்றால் யமுனையின் வளைவுக்கு அப்பால் தாஜ் சிறிதாகத் தெரியும். அவர் எட்டு ஆண்டு பார்த்த தூரம் அது. அதைப் பார்த்துவிட்டுத் தாஜுக்குப் போங்கள்.

தாஜுக்குள் நுழையக் கிழக்கு வாசல், மேற்கு வாசல் இரண்டு. மேற்கில் கூட்டம் அதிகம். கிழக்கில் வண்டியை ஷில்ப்கிராமில் நிறுத்திவிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டரை நடந்தோ பேட்டரி வண்டியிலோ கடக்க வேண்டும். பளிங்கைப் புகையிலிருந்து காக்க டீசல், பெட்ரோல் வண்டிகளை அருகே விடுவதில்லை. சோதனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. குடும்பம் அங்கே பிரியும், அதனால் சோதனைக்கு அப்பால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள். சாப்பாட்டுப் பொருள், புகையிலை, தீப்பெட்டி, கத்தி, ட்ரைபாட், பெரிய பை எதையும் விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டில் பரவாயில்லை. பிஸ்கட் பாக்கெட் ஒன்று பையின் அடியில் கிடந்ததற்காக மறுபடி லாக்கர் வரை போய், வரிசையின் கடைசியில் வந்து நிற்க நேரிடும். அறையிலிருந்து கிளம்பும்போதே பையைக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள். மேடையில் செருப்புக்கு உறை மாட்ட வேண்டும், அல்லது கழற்றிவிட வேண்டும். ஏப்ரலுக்கு மேல் கல் கொதிக்கும், பழைய காலுறை ஒன்று எடுத்துப்போங்கள்.

கல்லறைக் கட்டடத்துக்கு உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. நடுவில் இருப்பது மும்தாஜின் கல். அதற்கு மேற்கே சற்றுப் பெரிதாக ஷாஜகானின் கல். இடமும் வலமும் அச்சு மாறாமல் அமைத்த அந்த வளாகத்தில் சமச்சீர் குலைந்த ஒரே இடம் அதுதான். உண்மையான சமாதிகள் நேர் கீழே நிலவறையில் இருக்கின்றன.

ஆக்ராவில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கடைதான். ஓட்டுநருக்குக் கடைக்காரர் தரகு கொடுப்பார். "ஐந்து நிமிடம் பார்த்தால் போதும்" என்பது முக்கால் மணி நேரமாகும். வண்டி பேசும்போதே "துகான் நஹீ ஜானா" என்று சொல்லிவிடுங்கள், கடைக்குப் போக வேண்டாம் என்று பொருள். பளிங்கு என்று விற்பதில் பெரும்பகுதி மாக்கல். நகத்தால் அழுத்திக் கீறினால் மாக்கல்லில் கோடு விழும், பளிங்கில் விழாது. வழிகாட்டி வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ளவரை மட்டும் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்கு என்று தொகையை முதலிலேயே பேசுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் யமுனையின் மறுகரையில் இத்மாத்-உத்-தௌலா. நூர்ஜகான் தன் தந்தைக்காக 1622 முதல் 1628 வரை கட்டியது. தாஜுக்கு முன்பே முழுக்கப் பளிங்கில் கல்பதிப்பு செய்த சிறிய கட்டடம், கூட்டமே இருக்காது. காலைச் சதாப்தியில் வந்தவர்களுக்கு இது கட்டாயம். ஃபதேபூர் சிக்ரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ரயிலில் வந்து அதையும் சேர்க்க முயன்றால் தாஜில் ஓட வேண்டிவரும்.

சென்னைக்கு ரயிலில் திரும்புகிறவர்களுக்கு

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கண்டோன்மென்டில் நிற்கும். புது டெல்லியில் இரவு ஒன்பது மணிவாக்கில் கிளம்பி நள்ளிரவை ஒட்டி ஆக்ரா வரும். அப்படியென்றால் மூன்றாம் நாள் காலையிலேயே அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியோடு ஆக்ரா வந்து, இரவு அங்கேயே ஏறிவிடலாம். டெல்லிக்குத் திரும்பும் பயணமும் ஒரு இரவு அறை வாடகையும் மிச்சம். பெட்டியை ஆக்ரா நிலையத்தின் க்ளோக் ரூமில் வைக்கலாம். பூட்டில்லாத பையை வாங்கமாட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் சிறிய பூட்டு கொண்டுபோங்கள்.

டிக்கெட்டைப் புது டெல்லியிலிருந்து போட்டால் உறுதியாவதற்கு வாய்ப்பு அதிகம், ஒதுக்கீடு அங்கேதான் பெரிது. அப்படிப் போட்டவர்கள் ஏறும் நிலையத்தை ஆக்ரா கண்டோன்மென்ட் என்று ஐஆர்சிடிசியில் முன்கூட்டியே மாற்றியாக வேண்டும். மாற்றாமல் ஆக்ராவில் வந்து நின்றால், நீங்கள் வரவில்லை என்று பரிசோதகர் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார். மாற்றிய பிறகு புது டெல்லியில் ஏறும் உரிமை போய்விடும். ஆகவே ஆக்ரா போகும் காலை ரயில் டிக்கெட் உறுதியான பிறகே அந்த மாற்றத்தைச் செய்யுங்கள்.